இடுப்பளவுத் தண்ணீர்தானே!

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வழியாகக் கட்டுமாவடி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கே இறங்கினால் ராமநாதபுரம். அதைத் தாண்டி உச்சிப்புளியை நெருங்கும்போது காற்றின் போக்கே மாறிவிடும். அரியமான், பிரப்பன்வலசைக் கரைகளிலும், பாம்பன் பாலத்துக்கு அப்பால் ராமேசுவரம் தீவின் ஓரங்களிலும், தனுஷ்கோடி மணல்திட்டிலும் காற்றுக் காலத்தில் கடலுக்கு மேல் பெரிய வண்ணப் பட்டங்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டத்துக்கும் கீழே பலகைமேல் நின்று ஓர் ஆள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார். இதுதான் கைட் சர்ஃபிங்.

ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்ந்தது 2024 பாரிஸ் போட்டியில்தான். பந்தயம் மார்செய் கடலில் நடந்தது. அந்தக் காணொளிகள் நம் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்துவிட்டன. துபாயில் வேலை பார்க்கும் அதிராம்பட்டினத்துப் பையன்கள் ஜுமேராவில் ‘கைட் பீச்’ என்றே பெயர் பெற்ற கரையைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். ராமேசுவரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகும் குடும்பத்தில் கூடவரும் இளையவர்கள் ஒரு நாள் தங்கி இதையும் பழகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பழகலாம். நல்ல ஆட்டம், எண்ணெய்ப் புகையில்லை, இரைச்சலில்லை. ஆனால் இதைப் பற்றி நம் பக்கத்தில் உலவும் பேச்சில் பாதி சரி, பாதி பிழை. கடலில் முழுப் பொய்யைவிட இந்தப் பாதி உண்மைதான் ஆளை அதிகம் ஏமாற்றும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

“தண்ணி இடுப்பு வரைக்கும்தானே, என்ன ஆயிரும்?”

அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மணலாக இருந்தால் இடுப்பளவுத் தண்ணீர் பழகுபவருக்கு வரம். விழுந்தால் எழுந்து நிற்கலாம், பலகையைத் தேடி நடக்கலாம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். இலங்கையின் கற்பிட்டிக் களப்பு உலகெங்கிலுமிருந்து ஆட்களை இழுப்பதற்கு இதுதான் காரணம்.

அதே இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழே பார் இருந்தால் கதை வேறு. பவளப்பாறைத் திட்டை நம் கடற்கரை மக்கள் பார் என்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியும், பாக் நீரிணைப் பக்கம் மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரை வடகரையை ஒட்டியும் இந்தப் பார்கள் இருக்கின்றன. பல இடங்களில் அதன் மேற்பரப்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை. பட்டம் இழுக்கும் ஆள் நின்றபடி விழுவதில்லை. வேகத்தோடு, சில நேரம் இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலிருந்து, முதுகோ முகமோ முன்னே வர விழுகிறார். ஆழக் கடல் அந்த விழுகையைத் தாங்கிக்கொள்ளும். முழங்காலளவுத் தண்ணீருக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. பார்மீது விழுந்தால் எலும்பு முறியலாம், தலையில் அடிபட்டு நினைவு தப்பலாம். நினைவு தப்பியவர் மூழ்க முழங்காலளவுத் தண்ணீர் போதும்.

இன்னொன்று, இந்தக் கடலின் ஏற்றவற்றம். பாம்பன் பக்கம் அது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பாருக்கு மேலே இருப்பதே முக்கால் மீட்டர் தண்ணீர் என்றால், அரை மீட்டர் வற்றுவது பெரிய கணக்கு. காலையில் பலகை தாராளமாகக் கடந்துபோன இடத்தில் மதியம் பலகையின் அடித்துடுப்பு பாறையில் சிக்கும். பலகை அங்கேயே நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் இன்னும் கூடுதல். மார்செய் போட்டியில் தண்ணீருக்கு மேலே மிதந்து போன பலகைகளைப் பார்த்துவிட்டு அதேபோன்ற பலகையைக் கேட்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பலகைக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத் தண்டும் அதன் அடியில் இறக்கையும் இருக்கின்றன. பார் உள்ள கடலில் அதற்கு இடமே இல்லை.

பாரைக் கண்ணால் பார்த்து விலகலாமே என்றால், உச்சிவெயிலில் ஓரளவு முடியும். தண்ணீருக்கடியில் கருமையாகத் தெரிவது கடல்புல்லாகவும் இருக்கலாம், பாராகவும் இருக்கலாம். இரண்டிலும் இறங்காமலிருப்பதே சரி. மாலையில் சூரியன் மேற்கே சாய்ந்து தண்ணீர் பளபளக்கும்போது எதுவுமே தெரியாது. தென்மேற்குக் காற்றான கச்சான் நன்றாக வீசுவதும் பெரும்பாலும் அந்தப் பிற்பகலில்தான்.

“இந்தப் பக்கம் பெண் கடல், சாந்தமா இருக்கும்”

தனுஷ்கோடி போனவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். சாலையின் ஒரு பக்கம் ஆண் கடல், கொந்தளிக்கும். மறுபக்கம் பெண் கடல், அடங்கிக் கிடக்கும் என்பார்கள். கைட் சர்ஃபிங்கில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராமேசுவரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் இரண்டு கரைகள். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. அது தென்கரைமேல் நேராக வந்து மோதுவதால் அங்கே அலை எழும்புகிறது. வடகரையில் அதே காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. கரையோரத் தண்ணீர் தட்டையாக, கண்ணாடிபோல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடை வரும்போது எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று பாக் நீரிணைப் பக்கத்தைக் கலக்கும். தென்கரை அடங்கிக் கிடக்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி தனுஷ்கோடியை அழித்த புயலை நினைத்தால், இதில் எந்தக் கடலையும் சாந்தம் என்று சொல்ல மனம் வராது. அமைதி கடலின் குணம் இல்லை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதுதான்.

அப்படியென்றால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும் பக்கம் தட்டையான தண்ணீர் கிடைக்கிறதே, பழக அதுதானே நல்லது என்று கேட்கத் தோன்றும். கடலில் இறங்கியவரின் பட்டம் விழுந்துவிட்டது, மறுபடி எழவில்லை என்று வையுங்கள். புதிதாகப் பழகும் எல்லோருக்கும் இது நடக்கும். காற்று கரையை நோக்கிச் சாய்வாக வீசினால் அவரும் பட்டமும் கொஞ்ச நேரத்தில் எங்காவது கரையில் ஒதுங்குவார்கள். காற்று கடலை நோக்கி வீசினால், ஒவ்வொரு நிமிடமும் கரை தள்ளிப்போகும். தள்ளிப்போகப் போக அலையும் கூடும். கரையோரத்தில் மட்டும்தான் அந்தக் கண்ணாடித் தண்ணீர்.

இதற்கென்றே சுயமீட்பு என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பட்டத்தின் இழுவிசையை விடுவித்து, கயிறுகளைக் கைத்தண்டில் சுற்றிக்கொண்டே பட்டத்தை எட்டி, அதன் இரு முனைகளையும் பிடித்துப் பாய்போல் விரித்து ஒதுங்குவது. நல்ல உத்தி. ஆனால் அந்தப் பாயும் காற்று போகும் திசையில்தானே போகும்? கச்சான் காலத்தில் வடகரையில் இறங்கியவரை அது பாக் நீரிணையின் நடுவுக்குத்தான் கொண்டுபோகும். அங்கே 1974 ஒப்பந்தத்தின்படி வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்த மீனவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதை மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் யாரும் விளக்கத் தேவையில்லை.

எனவே வடகரைத் தட்டை நீரில் கச்சான் காலத்தில் பழகுவது, ஓட்டுநரோடு தயாராக நிற்கும் மோட்டார்ப் படகு இருந்தால் மட்டுமே. படகு இல்லையென்றால் இறங்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. காற்று நேராகக் கரைமேல் வந்து அடிப்பதும் நல்லதல்ல, அது ஆளைக் கரையிலேயே மோதவைக்கும். பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கரைப்பக்கம் சாய்ந்து வரும் காற்றே உகந்தது.

வடகரையில் இன்னொரு சிக்கல்: அங்கே வரும் காற்று தென்னை, பனைகளைத் தாண்டி வருகிறது. மரத்தின் உயரத்தைப்போல ஏழெட்டு மடங்கு தூரம் வரை அது குழம்பித்தான் இருக்கும். ஒரு நொடி பட்டம் தொய்யும், மறுநொடி வெட்டி இழுக்கும்.

“ஆடிக் காத்தையே பாத்தவங்க நாம”

பார்த்திருக்கிறோம்தான். அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் நம் முன்னோர். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் என்ன செய்தது என்பதை இங்கே ஒவ்வொரு தென்னந்தோப்பும் சொல்லும். ஆனால் காற்றைத் தாங்குவது வேறு, காற்றை இடுப்பில் கட்டிக்கொள்வது வேறு.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. மன்னார் வளைகுடாவுக்கு வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு அடிக்கடி விடுக்கும் எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர். 45க்கும் 65க்கும் இடையில் இருபதுதான் வித்தியாசம் என்று நாம் படித்துவிட்டுப் போகிறோம். பட்டத்தின் இழுப்பு அங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது, அதுவும் ஒரே நொடியில். புதிதாகப் பழகுபவருக்கு உகந்த வேகம் 12 முதல் 18 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 22 முதல் 33 கிலோமீட்டர். மீனவருக்கு எச்சரிக்கை விடுக்கும் நாள் பழகும் நாளல்ல.

காற்றுக்குத் தகுந்தபடி பட்டமும் மாறும். மெல்லிய காற்றுக்கு 12 சதுர மீட்டர், பலத்த காற்றுக்கு 7 என்பதுபோல. ஆள் கனத்தையும் பார்க்க வேண்டும். ஒரே பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாக் காற்றிலும் விடுவது சரிவராது.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றவில்லையே என்பார்கள் சிலர். பாம்பனில் ஏற்றும் கூண்டு புயலுக்கும் காற்றழுத்தத் தாழ்வுகளுக்கும் உரியது. கோடையிலும் ஐப்பசி வாக்கிலும் பிற்பகலில் மேற்கே கருக்கல் கட்டி, மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று திடீரென்று பாயுமே, அதற்கு எந்தக் கூண்டும் ஏற்றுவதில்லை. அந்தக் காற்று வேகத்தோடு திசையையும் மாற்றிவிடும். கருமேகம் கண்ணில் பட்டதும் பட்டத்தை இறக்கிவிட வேண்டும். குளிர்காற்று முகத்தில் பட்ட பிறகு இறக்கப் பார்ப்பது காலம் கடந்த வேலை.

“நீச்சல் தெரியும், அது போதும்”

புது ஆற்றில் குதித்துப் பழகாத பிள்ளை நம் பக்கத்தில் குறைவு. நீச்சல் கட்டாயம் தெரியத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆட்டத்தில் ஆளைச் சுற்றி இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கைந்து கயிறுகள் மிதக்கின்றன. பட்டத்தில் இன்னும் காற்று இருக்கிறது. கால் ஒன்றில் கயிறு சிக்கி, பட்டம் மறுபடி எழுந்தால் நீச்சல் உதவாது. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்திருக்கிறோம். இந்தக் கயிற்றில் கண்ணாடித் தூள் இல்லை. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஓர் ஆளின் முழுக் கனத்தைத் தாங்கி முறுக்கேறிய கயிறு விரலைத் துண்டிக்கக்கூடியது.

பயன்படுவது வேறு மூன்று. முதலாவது, இடுப்புப் பட்டையோடு பட்டத்தை இணைக்கும் கொக்கியில் இருக்கும் அவசர விடுவிப்பு. கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் தலை இருக்கும்போதும் ஒரே கையால் அதை இயக்கும் அளவுக்குக் கரையிலேயே பழக வேண்டும். இரண்டாவது, கயிறறுக்கும் கொக்கிக் கத்தி. மூன்றாவது, மிதவைச் சட்டை. அடிபடாமல் காக்கும் மெத்தைச் சட்டையும் மிதக்க வைக்கும் சட்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வேலை வேறு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பார் உள்ள இடத்தில் தலைக்கவசமும் ரப்பர்க் காலுறையும் கட்டாயம்.

கரை தெரிகிறதே என்று பட்டத்தைக் கைவிட்டு நீந்திவர முயல்வது பெரும் பிழை. காற்றடைத்த பட்டம் மிதவை. தேடி வரும் படகுக்குத் தூரத்திலிருந்து கண்ணில் படுவதும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

“நாங்க கரையிலதான் நிக்கிறோம்”

நம்மில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள். ஆகவே இது அவர்களுக்கு. இந்த ஆட்டத்தின் மோசமான விபத்துகளில் பல, பட்டத்தை ஏற்றும்போதோ இறக்கும்போதோ கரையில்தான் நடக்கின்றன. பட்டம் ஏற்றுபவர் நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் பக்கம், கயிற்றின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரமாவது வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே மின்கம்பம், பனை, கரையேற்றிய வத்தை, ஐஸ் வண்டி, குழந்தை, எதுவும் கூடாது. பார்க்கிறவர்கள் காற்று வரும் பக்கம், அதாவது பட்டம் ஏற்றுபவரின் முதுகுப் பக்கம் நின்று பாருங்கள். படம் எடுக்கக் கயிற்றுக்குக் கீழே போகாதீர்கள். மணலில் கிடக்கும் கயிற்றைத் தாண்டவும் வேண்டாம்.

“பவளப்பாறைன்னா கல்லு, கடல் தண்ணி பட்டா புண்ணும் ஆறிடும்”

ஒரே மூச்சில் சொல்லப்படும் இரண்டு பிழைகள்.

புண்ணை முதலில் பார்ப்போம். பவளம் கிழித்த காயத்தில் சுண்ணாம்புத் துகளும் உயிர்த்தசையும் தங்கிவிடும். சின்னக் கீறல்கூட வாரக்கணக்கில் ஆறாமல் சீழ் வைக்கும். வெதுவெதுப்பான கரையோரக் கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் காயத்தின் வழியே இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிதாகிவிட்ட ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காயத்தை உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துகளை நீக்கி, கிருமிநாசினி வைத்து, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவர் கேட்பார்.

மணலடியில் வேறொன்று இருக்கிறது, திருக்கை. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது விலகிப்போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதே முதலுதவி.

இனி அந்தக் ‘கல்’. பவளம் உயிருள்ளது. திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. பலகை ஒருமுறை இடித்து உடைத்ததைக் கடல் திரும்பச் செய்ய ஒரு மனித வாழ்நாள் ஆகலாம். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளோடு 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தார்கள். பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் இடத்தில், 2001இல் சேர்த்தார்கள். அதற்கு முன்பு சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டியெடுத்ததன் விலையாக பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வனத்துறை அனுமதியில்லாமல் இந்தத் தீவுகளில் காலெடுத்து வைப்பது குற்றம். பட்டம் இழுத்துக்கொண்டு வந்து ஒதுக்கியது என்று சொல்லித் தப்ப முடியாது.

பட்டக்காரர்கள் தேடிவரும் தட்டையான தண்ணீர் பல இடங்களில் பார் கொடுத்ததுதான். வெளியே உருளும் அலையைப் பார் தாங்கி உடைப்பதால்தான் உட்பக்கம் அடங்கியிருக்கிறது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் வெளுத்துச் செத்ததுபோக மிஞ்சியிருக்கும் பவளத்தை, விளையாடப் போனவர்களின் கால்களும் நசுக்கினால் அதை என்னால் மன்னிக்க முடியாது. விழுந்தால் காலூன்றத் தேடாமல் மல்லாந்து மிதந்தபடி பட்டத்தின் இழுப்பில் விலகுங்கள். காலுக்கும் நல்லது, பாருக்கும் நல்லது.

“அவ்வளவு தூரம் எதுக்கு, மனோராவிலயே விடலாமே”

நம் கரையில் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தடியில் பட்டம் ஏறினால் அழகாகத்தான் இருக்கும். பார் இல்லை, தண்ணீரும் ஆழமில்லை. ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில். அடி மணலல்ல, சேறு. விழுந்தவர் எழுந்து நிற்கவே திணறுவார். கச்சான் இங்கே தோப்புகளைத் தாண்டி நிலப்பக்கத்திலிருந்து வருகிறது. கரையோரம் முழுக்க வலைகளும், மூங்கில் மிதவைகளில் கடல்பாசி வளர்ப்பும் இருக்கின்றன. பாசி மிதவை என்பது பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. பலகை ஒன்று அதில் பாய்ந்தால் ஆளுக்கும் அடி, அவர்கள் பிழைப்புக்கும் அடி. இந்த மிதவைகள் ராமநாதபுரம் கரையிலும் உண்டு. அங்கே இறங்குபவர்களும் முந்தின நாளே அவை எங்கே கட்டியிருக்கின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பாக் நீரிணையைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு ஆழமில்லாத கடல்புல் மேட்டில்தான் மேய்கிறது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அந்தப் புல்வெளிமேல் வேகமாகப் பலகை ஓட்டுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ராமேசுவரம் பக்கம் போய்ப் பழகுவதாக முடிவெடுத்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பு சிலவற்றைக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவரிடம் சர்வதேசக் கைட்போர்டிங் அமைப்பான ஐ.கே.ஓ. போன்ற ஒன்றின் பயிற்சியாளர் சான்று இருக்கிறதா? இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், நாம் இறங்கும் கரை எது? பட்டம் விழுந்து எழாவிட்டால் என்னை எடுத்துவரும் படகு எங்கே நிற்கிறது, அதை ஓட்டுபவர் யார்? பார் எங்கே தொடங்குகிறது? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் என் அளவுக்கு இருக்கின்றனவா? பிறகு கரையில் வலை கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடமும் போய், “ஐயா, இன்னிக்கு இந்தப் பக்கம் எறங்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் பயிற்சியாளர் சரி என்றாலும் இறங்க வேண்டாம். கைபேசியில் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற இரண்டு எண்களையும் கரையில் இருப்பவர் வைத்திருக்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.